பழைய வேனா, புது வேனா? கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு!

மும்பையில் பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து தொழிலைத் தொடங்கி விடுகிறவர்கள் நம்மவர்கள். தாராவியில் தெரு விளக்கு அணைவதற்குள் முதல் ஈடு இட்லி இறங்கி விடும். மாவு வாளி, முறுக்குப் பொட்டலம், வாழை இலைக் கட்டு, கல்யாண வீட்டுப் பாத்திரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் நுழைந்து வருவது ஒரு சின்ன வேன். அதுதான் மாருதி ஆம்னி.

அந்த வேன் இப்போது புதிதாகக் கிடைக்காது. 2019ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்று விட்டது. புது வேன் வேண்டும் என்று போனால், அதே கம்பெனி காட்டுவது ஈக்கோ.

"இருக்கிற ஆம்னியை ஓட்டுகிற வரைக்கும் ஓட்டுவதா? கடனை உடனை வாங்கி ஈக்கோவுக்கு மாறுவதா?"

வேன் வைத்திருக்கும் நம்மவர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. பேச்சு எப்படிப் போகும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

"அண்ணாச்சி, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் தகர டப்பாவை வச்சுக்கிட்டு இருப்பீங்க? புது வண்டியிலே ஏ.சி. இருக்கு, கேஸ் இருக்கு. மலை ஏறும்போது மூச்சு வாங்காது" என்பார் இளைஞர்.

"தம்பி, இந்தத் தகர டப்பாதான் என் மகளைக் கட்டிக் கொடுத்துச்சு. கடன் பாக்கி ஒத்தை ரூபா கிடையாது. உன் வண்டி மாசம் பொறந்தா தவணை கேக்குமே, அதுக்கு என்ன சொல்லுதே?" என்பார் பெரியவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யார் சொல்வது யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

35 ஆண்டு ஓடிய வேன்

மாருதி கம்பெனியின் முதல் கார் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1984இல், இந்த வேன் வந்தது. அப்போது அதற்குப் பெயர் வெறும் 'மாருதி வேன்'தான். 1988இல்தான் 'ஆம்னி' என்ற பெயர் வைத்தார்கள்.

மாருதி 800 காரில் இருந்த அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் என்ஜின்தான் இதிலும் இருந்தது. என்ஜினை முன் சீட்டுக்கு அடியில் வைத்து விட்டதால் முன்பக்கம் மூக்கே கிடையாது. வண்டியின் நீளம் 3370 மில்லி மீட்டர்தான். அந்த நீளத்துக்குள் 5 பேர் உட்காரும் வண்டியும் வந்தது, 8 பேர் உட்காரும் வண்டியும் வந்தது. பக்கக் கதவு தள்ளித் திறக்கிற கதவு. சந்தில் சுவரை ஒட்டி நிறுத்தினாலும் ஆள் இறங்கலாம், சரக்கு இறக்கலாம்.

சினிமாவில் ஆளைக் கடத்த வேண்டும் என்றால் இந்த வேன்தான் வரும்! அந்தத் தள்ளுக் கதவு செய்த புண்ணியம் அது. நிஜ வாழ்க்கையில் இதே வேன் ஆம்புலன்சாக ஓடியது, பள்ளிக்கூட வண்டியாக ஓடியது, பால் வண்டியாகவும் ஓடியது.

இடையில் 2001ஆம் ஆண்டில் 'வெர்சா' என்று ஒரு பெரிய வேனை அதே கம்பெனி கொண்டு வந்தது. அமிதாப் பச்சனும் அவர் மகன் அபிஷேக்கும் விளம்பரத்தில் வந்தார்கள். ஆனாலும் விலை அதிகம் என்று மக்கள் ஒதுங்கி விட்டார்கள். அதே உடம்பில் ஆடம்பரத்தைக் குறைத்து, 1.2 லிட்டர் என்ஜினை வைத்து, 2010ஆம் ஆண்டு ஜனவரியில் விற்பனைக்கு விட்டார்கள். அதுதான் ஈக்கோ. 2022ஆம் ஆண்டு நவம்பரில் அதற்கும் புது என்ஜின் மாற்றினார்கள்.

ஆம்னி ஏன் நின்றது? விற்காமல் நிற்கவில்லை. காரில் போகிறவர்களின் உயிரைக் காக்க மத்திய அரசு கொண்டு வந்த விதிகள் 2019ஆம் ஆண்டில் ஒவ்வொன்றாக அமலுக்கு வந்தன. சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் ஏ.பி.எஸ். பிரேக், டிரைவருக்குக் காற்றுப் பை, மோதல் சோதனை எல்லாம் கட்டாயம் ஆயின. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதியும் வந்தது. 1984ஆம் ஆண்டு உடம்பை வைத்துக்கொண்டு இவற்றை எல்லாம் நிறைவேற்ற முடியாது என்று கம்பெனி ஆம்னியை நிறுத்தி விட்டது.

எதில் எது மேல்?

முதலில் சந்துக் கணக்கு. ஆம்னியின் அகலம் 1410 மில்லி மீட்டர். ஈக்கோவின் அகலம் 1475. இரண்டரை அங்குலம்தான் வித்தியாசம். நீளத்தில் ஒரு அடி கூடுதல். ஆம்னி 4.1 மீட்டர் ஆரத்தில் திரும்பி விடும். ஈக்கோவுக்கு 4.5 மீட்டர் வேண்டும். தாராவியிலோ கோலிவாடாவிலோ ஒரே ஒடியில் திரும்புகிற முனையில், ஈக்கோவை ஒரு தடவை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டி வரலாம். வண்டி நிறுத்த உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று முழக்கயிறு வைத்து அளந்து விட்டே ஷோரூமுக்குப் போங்கள்.

அடுத்தது இழுவை. ஆம்னி என்ஜினுக்குச் சுமார் 35 குதிரை சக்தி. கியர் 4. புது ஈக்கோவில் பெட்ரோலில் ஓட்டினால் சுமார் 80 குதிரை சக்தி, கேஸில் ஓட்டினால் சுமார் 71. கியர் 5. தாதரில் இருந்து செம்பூர் போக இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெல்வேலிக்கு, சுமார் 1600 கிலோ மீட்டர் போகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். கண்டாலா மலையிலும் சதாரா போகும் வழியில் கம்பட்கி மலையிலும் ஆம்னியை இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு போனவர்கள் இதைச் சொல்லாமலே அறிவார்கள்.

மூன்றாவது ரிப்பேர். இதில் ஆம்னிதான் ராஜா. 35 ஆண்டு ஒரே மாதிரியில் ஓடிய வண்டி. அதன் என்ஜின் சாமான் பலவும் மாருதி 800 சாமானே. குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் இரண்டு கடை ஏறினால் கிடைக்காதது இல்லை. ஒரு ஸ்பானர் பெட்டி வைத்திருக்கும் மெக்கானிக் எவரும் இதைப் பிரித்துப் பூட்டி விடுவார். புது ஈக்கோவில் கம்ப்யூட்டர் வேலை அதிகம். கோளாறு விளக்கு எரிந்தால் அதற்குரிய கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நான்காவது இடம். ஈக்கோ உள்ளே உயரமானது. பெரிய அண்டாவை நிமிர்த்தி வைக்கலாம். ஆனால் கேஸ் வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் பின்பக்கம் சரக்கு வைக்கிற இடத்தில் கொஞ்சத்தைத் தின்று விடும். உங்கள் வாளி, கூடை எதுவோ அதில் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பார்த்து விடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பணம் கொடுப்பவர் நீங்கள்!

3000 கிலோ மீட்டர் கணக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "கேஸ் வண்டி வாங்கினால் பெட்ரோல் மிச்சத்திலேயே தவணை கட்டி விடலாம்" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அது உண்மையா?

எளிதாகப் புரிவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். சி.என்.ஜி. கேஸ் கிலோ 80 ரூபாய். பழைய ஆம்னி லிட்டருக்கு 14 கிலோ மீட்டர் ஓடுகிறது. புது ஈக்கோ கேஸ் வண்டிக்குச் சோதனைக் கூடத்துக் கணக்கில் கிலோவுக்கு 26.78 கிலோ மீட்டர் என்று கம்பெனி சொல்கிறது. மும்பை நெரிசலில், சரக்கோடு அது கிடைக்காது. 22 என்று வைப்போம்.

மாதம் 1500 கிலோ மீட்டர் ஓடுகிறவருக்குப் பழைய வண்டியில் பெட்ரோல் செலவு சுமார் 10,700 ரூபாய். புது வண்டியில் கேஸ் செலவு சுமார் 5,450 ரூபாய். மிச்சம் 5,250.

தவணை எவ்வளவு? 5 லட்சம் ரூபாய் கடன், வட்டி ஒன்பதரை சதவீதம், 5 ஆண்டு என்றால் மாதம் சுமார் 10,500 ரூபாய். அதாவது மிச்சத்தைப்போல் இரண்டு மடங்கு! மீதி 5,250 ரூபாயைக் கைக்காசில் இருந்துதான் போட வேண்டும்.

மாதம் 3000 கிலோ மீட்டர் ஓடுகிறவருக்கு என்ன ஆகும்? பழைய வண்டிக்குச் சுமார் 21,430 ரூபாய். புது வண்டிக்குச் சுமார் 10,910 ரூபாய். மிச்சம் 10,520. தவணைக்குச் சரியாகப் போகும்.

ஆகவே 3000 கிலோ மீட்டர்தான் எல்லைக் கோடு. மாதம் 25 நாள் தொழில் என்றால், தினமும் 120 கிலோ மீட்டர். அதற்கு மேல் ஓடுகிறவருக்குப் புது வண்டி தன் தவணையைத் தானே கட்டும். தினமும் 40, 50 கிலோ மீட்டர் ஓடி மாவு போடுகிறவருக்குக் கட்டாது.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. உங்கள் ஆம்னியில் ஏற்கெனவே சி.என்.ஜி. பொருத்தி இருந்தால் கணக்கே மாறி விடும். கிலோவுக்கு 18 கிலோ மீட்டர் ஓடுவதாக வைத்தால், 3000 கிலோ மீட்டருக்கு ஆகும் செலவு சுமார் 13,330 ரூபாய். புது வண்டிக்கு மாறினால் மிச்சம் 2,420 ரூபாய்தான். அதை நம்பி 10,500 ரூபாய் தவணையில் கையெழுத்துப் போடக் கூடாது.

இவை உதாரண எண்கள். உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு நாள் டாங்கி நிறையப் பெட்ரோல் போட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டி விட்டு மறுபடி நிறையப் போடுங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் தெரிந்து விடும். மீட்டர் ஓடாத வண்டியாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்!

பழைய வண்டிக்கும் செலவு உண்டு

"கடன் இல்லாத வண்டி" என்று பெரியவர் பெருமைப்பட்டாரே, அந்தப் பெருமைக்கும் ஒரு விலை இருக்கிறது.

சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கும் வேனுக்கும் 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணத்தை 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். 20 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். மராட்டிய அரசின் பசுமை வரி தனி. புதுப்பித்த பதிவு 5 ஆண்டுதான் செல்லும்.

வண்டி நின்ற நாளையும் எண்ணுங்கள். மாதத்தில் 3 நாள் ஒர்க்ஷாப்பில் நின்று, நாளுக்கு 800 ரூபாய் வரும்படி போனால், அது 2,400 ரூபாய் நஷ்டம். மெக்கானிக் கூலி அதற்கு மேல். கல்யாண ஆர்டர் அன்று வண்டி நின்று போனால் பணத்தோடு பேரும் போய் விடும்.

பழையதைக் கழித்துப் புதியது வாங்க முடிவு செய்தவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் பழைய வண்டியை ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதைக் காட்டினால் புது வண்டியின் மோட்டார் வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையிலும், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரையிலும் தள்ளுபடி பெற 2021ஆம் ஆண்டு மத்திய அரசு வழி செய்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் 18 சதவீதமாகக் குறைந்தது. ஈக்கோவும் அந்த வகையில் சேர்ந்ததே. விலை கேட்கும்போது இந்த இரண்டையும் மறக்காமல் கேளுங்கள்.

காசுக் கணக்கில் வராத கணக்கு

இதுவரை சரக்கு ஏற்றுகிறவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும்.

ஆம்னியில் முன் சக்கரம் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடுதான். நேருக்கு நேர் மோதினால் நசுங்குவதற்கு வேறு எதுவும் இல்லை. ஈக்கோவில் சக்கரத்தை முன்னால் தள்ளி வைத்து, சிறிய மூக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்காக ஈக்கோ கோட்டைச் சுவர் என்று நினைத்து விடாதீர்கள். காற்றுப் பை இல்லாத ஈக்கோவை 2016ஆம் ஆண்டில் 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு 64 கிலோ மீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம்! அதன் பிறகு சட்டம் வந்து, முன்னால் இரண்டு காற்றுப் பைகள் வந்தன. 2025ஆம் ஆண்டில் ஆள் ஏற்றும் ஈக்கோவுக்கு 6 காற்றுப் பைகள் கொடுத்தார்கள். எனவே பழைய ஈக்கோ ஒன்றை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள், அது எந்த ஆண்டு வண்டி, காற்றுப் பை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மோதலை விடவும் பயப்பட வேண்டியது தீ. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி பஞ்சாப் மாநிலம் சங்ரூர் மாவட்டத்தில், லோங்கோவால் என்ற ஊரில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற பழைய மாருதி வேன் ஒன்று தீப்பற்றி எரிந்தது. 4 குழந்தைகள் கருகி மாண்டார்கள். சாலைக்குத் தகுதி இழந்த, 30 ஆண்டு வயதான வண்டி அது என்று அப்போது செய்திகள் வந்தன.

அது எங்கோ பஞ்சாபில் நடந்தது என்று நாம் இருந்து விடக் கூடாது. வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரை வேனுக்குள் வைத்து, ரப்பர் குழாயில் என்ஜினுக்குக் கொடுத்து ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இது சட்டப்படி குற்றம். சின்னக் கசிவும், பழைய ஒயரில் ஒரு பொறியும் போதும். என்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒழுங்கான சி.என்.ஜி. சிலிண்டரையே 3 ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சோதனைத் தேதி போட்ட தகடு வண்டியில் இருக்க வேண்டும்.

ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு

வேன் இல்லாத குமாஸ்தாக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மாதா மாதம் வேன் பணம் கொடுத்துப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் அவர்கள்தான்.

ஒரு நாள் ஆபீசுக்குப் பத்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை. பிள்ளை ஏறுகிற வண்டியின் உள்ளே எட்டிப் பாருங்கள். நம்பர் பலகை மஞ்சளா? பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற பெர்மிட் இருக்கிறதா? கேஸ் தகட்டில் தேதி தாண்டி விட்டதா? தள்ளுக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா? தீ அணைக்கும் கருவி இருக்கிறதா? எத்தனை பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்? வேன்காரர் நம் ஊர்க்காரர்தானே என்ற தாட்சண்யம் இங்கே வேண்டாம். அவரும் இந்தக் கேள்விகளைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதையும் சொல்ல வேண்டும். 50 ரூபாய் குறைவு என்பதற்காகப் பழைய வண்டிக்குப் பிள்ளையை மாற்றுகிற பெற்றோர் இருக்கும் வரை, நல்ல வண்டி போடுகிறவர் நஷ்டப்படுவார். பாதுகாப்பான வண்டிக்கு உரிய பணத்தைக் கொடுக்க நாமும் தயாராக வேண்டும்.

சிலர், "பிராவிடண்டு பணத்தை எடுத்து ஒரு வேன் போட்டு, ஆள் வைத்து ஓட்டினால் என்ன?" என்று நினைக்கிறார்கள். மேலே போட்ட கணக்கில் டிரைவர் சம்பளத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்ட ஆள் வைத்து விட்டு, கணக்கைப் பார்க்காமல் இருந்தால் வண்டியும் போகும், வயதான காலத்துப் பணமும் போகும்.

முடிவாக...

தினமும் கொஞ்ச தூரம், சந்துக்குள்ளேயே சரக்குப் போடுகிறவர். வண்டி துருப்பிடிக்காமல் நல்ல நிலையில் இருக்கிறது. பதிவும் நாள் இருக்கிறது. இவர் ஆம்னியைக் கை விடத் தேவையில்லை. தவணை கட்டுவதாக நினைத்து மாதம் 3,000 ரூபாயைத் தபால் ஆபீசில் போட்டு வரட்டும். 3 ஆண்டில் 1 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய் அசல் சேர்ந்திருக்கும். அதன் பிறகு வாங்கும் வண்டிக்குக் கடன் அவ்வளவு குறையும்.

மாதம் 3000 கிலோ மீட்டருக்கு மேல் பெட்ரோலில் ஓடுகிறவர் காத்திருப்பதில் லாபம் இல்லை. அவர் மாறலாம்.

பிள்ளைகளை ஏற்றுகிறவர், வண்டி வயதாகி விட்டது என்றால், லாபம் வருகிறதோ இல்லையோ மாறித்தான் ஆக வேண்டும். புது வண்டிக்கு வசதி இல்லை என்றால் அந்த வேனில் சரக்கு மட்டும் ஏற்றட்டும்.

டீக்கடைப் பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், "என் வண்டி மாவு வண்டி. ஒரு நாளைக்கு 40 கிலோ மீட்டர்தான். நான் பொழச்சேன்" என்று சிரிப்பார். "ஆனா காலையிலே ரெண்டு நடை பள்ளிக்கூடத்துக்கும் அடிக்கீங்களே அண்ணாச்சி?" என்று இளைஞர் கேட்டால், அதற்குச் சிரித்துச் சமாளிக்க முடியாது.

வேன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான். நம் சொந்தப் பிள்ளையை, நம் வேனில், கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி அனுப்புவோமா? 'ஆம்' என்றால் பழைய வண்டியும் நல்ல வண்டியே. கொஞ்சம் தயங்கினாலும், இன்றைக்கே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்கைத் தொடங்குங்கள்!